கல்வராயன் மலையில் விறகு எடை பார்த்த நாட்கள்

விறகு நிறுக்கவா இவ்வளவு தூரம் போகிறாய் என்று அக்கா கேட்டாள். ஓம் என்றேன். உண்மையும் அதுதான்.

கொழும்பில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக எரிசக்திப் புள்ளிவிவரம் பார்க்கிறேன். நாட்டில் எவ்வளவு டீசல் எரிந்தது, எவ்வளவு மின்சாரம் போனது என்று அட்டவணை போடுகிற வேலை. பழைய முறையில் எரிபொருள் விற்பனையாகிற இடத்தில்தான் எங்கள் கணக்கே தொடங்கும். கப்பலில் இறங்கியது, கடையில் விற்றது, பில் போட்டது. இப்போது சுற்றுச்சூழலையும் பொருளாதாரத்தையும் சேர்த்துப் பார்க்கிற புதிய கணக்கு முறைக்கு மாறச் சொல்கிறார்கள். அது கடைக்கு முன்னாலேயே தொடங்குகிறது. காட்டிலிருந்தும் மண்ணிலிருந்தும் எடுத்தது எவ்வளவு, அது யார் கைக்குப் போய் என்னவாக மாறியது, கடைசியில் புகையும் சாம்பலும் சூடுமாக எவ்வளவு திரும்பிப் போனது. எல்லாம் ஒரே அட்டவணையில் வரவேண்டும்.

இந்த அட்டவணையில் எங்களுக்கு இருந்த பெரிய ஓட்டை விறகு. பொறுக்கி எடுத்த விறகுக்கு ரசீது கிடையாது. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு சிறிய ஆய்வுக் குழு வீடு வீடாகப் போய் விறகை நிறுத்துப் பார்க்கிறது என்று தெரிந்து, ஆறு நாள் கூடப் போய்ப் பழக அனுமதி வாங்கியிருந்தேன்.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் ஸ்டெல்லா நின்றிருந்தார். அந்தக் குழுவின் கள ஆய்வாளர். திருக்கோவிலூர்க்காரி, நாற்பது வயதிருக்கும், இரண்டு பிள்ளைகள். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் கொக்கி வைத்த டிஜிட்டல் தராசும், தராசு சரியா என்று பார்க்க ஒரு கிலோ இரும்புப் படிக்கல்லும், படிவக் கட்டும்.

"டிபன் சாப்ட்டிங்களா மேடம்?"

"இல்லை. சாப்பிட்டிட்டு ஆறுதலா இருந்து கதைப்பம்."

"இன்னா கதை?" என்று கேட்டார். பேசுவதைத்தான் நாங்கள் கதைப்பது என்போம் என்று விளக்கினேன். அதற்குப் பிறகு மூன்று நாளும், நான் வாயைத் திறந்தாலே "மேடம் கதை சொல்றாங்க" என்று சொல்லிச் சிரித்தார். இட்லிக்கு வடகறி வந்தது. எங்கள் ஊர்ச் சம்பலுக்குப் பழகின நாக்குக்கு அது புதிது. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினேன்.

அடுத்த நாள் எலவனாசூர்கோட்டை. வழியெல்லாம் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள். ஒன்றின் பின்னால் ஒன்றாக ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தன. பிழிந்த சக்கையை எரித்து ஆலை தன் பாய்லரை ஓட்டுகிறது. வெளியே விற்காததால் பழைய கணக்கு அந்தச் சக்கையைத் தவறவிட்டுவிடும். பஸ்ஸில் நின்றபடி இதை ஸ்டெல்லாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த ஒருவர், "சக்கைக்குக்கூட கணக்கு பாக்கறாங்கப்பா, கரும்புக்கு எப்ப பாப்பாங்க?" என்று கூட வந்தவரிடம் கேட்டார்.

முதல் வீட்டில் தராசைக் கண்டதும் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். இங்கே பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம். அளக்க யார் வந்தாலும் ஒரு பயம்.

"மீட்டரு மாட்ட வந்திருக்கிங்களா? அப்டின்னா இப்பவே சொல்லிடுங்க."

"மோட்டார் பக்கமே போவ மாட்டோங்க. அடுப்புதான்," என்றார் ஸ்டெல்லா.

அடுப்பு என்றதும் அவர் வயலுக்குப் போய்விட்டார். அவருடைய மனைவி எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார். உள்ளே காஸ் அடுப்பு, பின்னால் தாழ்வாரத்தில் விறகடுப்பு. "கேஸு டீ வைக்க. சோறு, வெந்நி, மாட்டுக்குக் காய்ச்சறது எல்லாம் வெறவுதான். கேஸ் இருக்கான்னு கேட்டா இருக்குன்னுதான சொல்லுவோம்?" என்றார். எங்கள் நாட்டிலும் கேட்கிற கேள்வி அதுவேதான். இருக்கு என்றால் அந்த வீட்டைக் காஸ் பெட்டியில் போட்டு மூடிவிடுவோம்.

மூன்றாம் நாள் மலை. கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் பஸ் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஐந்தாவதோ ஆறாவதோ வளைவில் நின்றுவிட்டது. "இஞ்சின் சூடாயிடுச்சி, எறங்கி நில்லுங்க" என்றார் கண்டக்டர். ஒருவரும் அலுத்துக்கொள்ளவில்லை. ஒரு பெண் மடியிலிருந்து அவித்த குச்சிக்கிழங்கை எடுத்து, எனக்கும் ஒரு துண்டு தந்தார். நாங்கள் மரவள்ளி என்கிற அதே கிழங்கு. இங்கே பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். மார்கழிக் குளிர் சேலையைத் தாண்டி உள்ளே வந்தது. நான் கம்பளி கொண்டுவரவில்லை. தமிழ்நாடு என்றால் வெயில் என்றுதான் என் தலையில் இருந்தது.

வெள்ளிமலையில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்து ஒரு சின்ன ஊருக்குப் போனோம். குழுவினர் அங்கே ஆறு வீடுகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முறை எளிது. வீட்டிலுள்ள விறகை எடை போட்டு, தனியாக அடுக்கி, நாளைக்கு வரை இதிலிருந்து மட்டும் எரியுங்கள் என்று சொல்வது. மறுநாள் மிச்சத்தை நிறுத்தால் எரிந்தது எவ்வளவென்று தெரியும்.

ஐந்தாவது வீடு ராமாயியுடையது. நாற்பத்தைந்து, ஐம்பது வயது இருக்கும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறவர்.

"வூட்ல எத்தினி பேரும்மா?" என்றார் ஸ்டெல்லா.

"நாலு. நானு, எம் பொண்ணு செல்வி, மருமவன், கைக்கொழந்த."

"மருமவன் எங்க?"

"குடகுல. காப்பித் தோட்டத்துல."

புதிய கணக்கில் இதற்கு ஒரு விதி உண்டு. ஆள் எந்த ஊருக்குச் சொந்தம் என்பதல்ல, எங்கே வாழ்க்கை நடத்துகிறார் என்பதுதான் கேள்வி. சில மாதத்துக்கு வேலைக்குப் போனவர் இந்த வீட்டு ஆள்தான். ஆனால் அவருக்கு உலை வைப்பது வேறு அடுப்பு. ஸ்டெல்லா நாலு என்று எழுதி, பக்கத்தில் "ஒருவர் வெளியே" என்று குறித்தார்.

மறுநாள், நாலாம் நாள், மிச்சம் நிறுத்தோம். முதல் நாலு வீடுகளில் எரிந்தது ஆறு கிலோ, எட்டு, ஒன்பது என்று இருந்தது. ராமாயி வீட்டில் முப்பத்தொன்று.

ஸ்டெல்லா என்னைத் தனியே கூப்பிட்டார். "இந்த மாதிரி வந்தா அந்த வூட்டக் கோடு போட்டு அடிச்சிடுவோம் மேடம். கல்யாண வூடு, சாவு வூடுன்னு ஒரு ரீசன் போட்டு. இல்லன்னா சராசரி எகிறிடும்."

அவர் சொன்னதில் பிழையில்லை. நானும் கொழும்பில் அப்படித்தான் செய்வேன், ஆயிரம் தடவை செய்திருக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை. நான் மிச்சக் கட்டைகளைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் பட்டை இல்லை. சீவின மரம். இரண்டில் ஆணி அடித்த ஓட்டை.

வீட்டுக்குப் பின்னால் போனேன். மாட்டுக் கொட்டகையில் பாதியைக் காணவில்லை. கூரை ஒரு பக்கம் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. மாடு வெளியே பலா மரத்தடியில் நின்றது, முதுகில் சாக்கு போர்த்தி.

"கொட்டகையையோ எரிக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"காட்டுக்குப் போனா அர நாளு ஆவும்," என்றார் ராமாயி. "இவங்கள வுட்டுட்டு எப்டிப் போறது? அதான் கொட்டாயப் பிரிச்சிக்கினு இருக்கேன்."

"இவ்வளவும் சமைக்கவோ?"

"சமைக்க எங்க? புள்ளைக்குக் குளுரு."

ஸ்டெல்லா படிவத்தைப் பார்த்தார். சமையல், வெந்நீர், கால்நடைக்குக் காய்ச்சுவது, தொழில் என்று நாலு கட்டங்கள். குளிர்காய என்று ஒரு கட்டம் இல்லை. எங்கள் நாட்டுப் படிவத்திலும் இல்லை. சூடான நாடுகளுக்கு யாரும் அதைப் போடுவதில்லை.

ஆணி ஓட்டையுள்ள அந்தக் கட்டை என் கையிலேயே இருந்தது. நாட்டின் பொருளாதார நெருக்கடியில் கொழும்பில் காஸ் இல்லாமல் போன வருடம், மூன்றாம் மாடியில் இருந்த நான் என் புத்தக அலமாரியைப் பிரித்து எரித்தேன். பிறகு கட்டில் பலகை. கீழே கார் நிறுத்துமிடத்தில் பன்னிரண்டு குடும்பங்கள் கல் வைத்துச் சமைத்தோம். அதே வருடத்து எரிசக்தி அட்டவணை என் மேசைக்கு வந்தபோது, விறகு வரிசையில் ஒரு மாற்றமும் இல்லை. எத்தனை வீடு விறகு எரிக்கிறது என்ற பழைய எண்ணிக்கையை, வீட்டுக்கு இவ்வளவு என்ற அதைவிடப் பழைய அளவால் பெருக்கியிருந்தார்கள். என் வீடு அதில் காஸ் வீடு. பிழை என்று தெரியும். தலைமுடியில் புகை மணம் போகாமலேதான் அதில் கையெழுத்துப் போட்டேன். இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அன்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு, "அடிக்க வேணாம் மேடம். உள்ள போயி பாப்போம்," என்றார்.

உள்ளே ஒரே அறை. நடுவில் தணல், மூடின ஜன்னல். கண் எரிந்தது. மூலையில் செல்வி சுவரில் சாய்ந்து இருந்தாள், இருபது வயதுகூட இராது. பக்கத்தில் துணி மூட்டைபோல் ஒரு குழந்தை. எட்டாம் மாதத்திலேயே பிறந்தவன் என்றார் ராமாயி. கீழே ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் எடை பார்க்கக் கொண்டுவரச் சொன்னார்கள். குளிர் காற்றில் மலை இறக்கப் பயந்து போகவில்லை.

ராமாயி ஸ்டெல்லாவின் கையிலிருந்த தராசைப் பார்த்தார். "அதுல இவனத் தூக்கிப் பாக்கலாமா?"

ஸ்டெல்லா ஒரு சேலைத்துண்டைத் தொட்டில்போல் கட்டி, முதலில் துணியை மட்டும் நிறுத்தார். பிறகு குழந்தையை வைத்தார். நான் கீழே கையை ஏந்திப் பிடித்திருந்தேன். குழந்தை அழவில்லை, அது எனக்குப் பிடிக்கவில்லை. துணியைக் கழித்தால் ஒரு கிலோ அறுநூற்றுத் தொண்ணூறு. செல்வி ஆஸ்பத்திரி அட்டையை நீட்டினாள். அனுப்பும்போது ஒரு கிலோ எழுநூற்று எண்பது.

மூன்று தரம் நிறுத்தோம். தராசு பிழையாக இருக்கவேண்டும் என்று அந்த நேரத்தில் விரும்பினேன். பையிலிருந்த படிக்கல்லை எடுத்துக் கொக்கியில் மாட்டினேன். சரியாக ஒரு கிலோ.

"எட கொறஞ்சிருக்கு," என்றார் ஸ்டெல்லா. "இன்னிக்கே கீழ போவணும்."

"வெளிய காத்தப் பாத்திங்களா? வழியிலயே எதுனா ஆயிட்டா?" என்றார் ராமாயி. குரல் உயரவில்லை. ஆனால் அவர் எழுந்து வாசலை மறித்தபடி நின்றார்.

ஸ்டெல்லா செல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "என் ரெண்டாவது பையன் இதவிடக் கம்மி கண்ணு. ஆஸ்பத்திரில நெஞ்சோட போட்டுக்கச் சொன்னாங்களா, துணி இல்லாம?"

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். ராமாயிதான் பதில் சொன்னார். "சொன்னாங்க. சொல்லியும் குடுத்தாங்க. வூட்ல புள்ளயப் பாக்க ஆளுங்க வந்துக்கினே இருக்காங்க. பொண்ணு எப்டி அப்டி உக்காந்திருக்கும்? அதுக்கு வெக்கம். அதான் நெருப்பு போட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "நெருப்பு தப்பா?" என்று கேட்டார்.

"சூடு தப்பில்லம்மா. பொகதான் ஆவாது," என்றார் ஸ்டெல்லா. "நீ எரிச்சதாலதான் இத்தினி நாளு இருக்கான். இப்ப கீழ போலாம்."

ராமாயி வாசலை விட்டு விலகினார்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட மேட்டுக்கு ஏறித்தான் சிக்னல் பிடிக்கவேண்டும். ஸ்டெல்லா ஏறிப் போய்ப் பேசிவிட்டு வந்தார். வண்டி இன்னொரு ஊருக்குப் போயிருக்கிறது, வர ஒன்றரை மணி நேரம் ஆகலாம். பக்கத்து நிலத்தில் ஒரு குட்டியானை நின்றது. யானை இல்லை, சின்ன லாரியை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக்குக் கிழங்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் பாதி நிறைந்த வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "பாதி லோடோட எறங்கறேன். சேகோ பேக்டரில கத்துவாங்க. கத்தட்டும்," என்றார்.

முன்னால் டிரைவர், செல்வி, ஸ்டெல்லா. ஏறும் முன் ஸ்டெல்லா குழந்தையைச் செல்வியின் மார்போடு சேர்த்து வைத்து, மேலே சேலையையும் தன் சால்வையையும் சுற்றிக் கட்டினார். டிரைவர் கேட்காமலேயே கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பின்னால் கிழங்குக் குவியலில் நானும் ராமாயியும். ஒவ்வொரு வளைவிலும் கிழங்கு எங்கள் காலின் மேல் உருண்டது. ராமாயி ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் முழங்கையையும் பிடித்திருந்தார். மலை இறங்கி முடியும்வரை விடவில்லை. நான் கணக்குப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். தொற்று ஆரம்பித்திருக்கிறது, உறிஞ்சிக் குடிக்கவும் தெம்பு இல்லை, குழாய் வழியாகப் பால் கொடுக்கவேண்டும் என்று பெண் டாக்டர் சொன்னார். "நாளைக்கு வந்திருந்தா கஷ்டமாயிருக்கும்," என்றார். பிழைத்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் ஸ்டெல்லா மிச்ச வேலையை முடிக்க மலைக்குப் போனார். நான் லாட்ஜில் இருந்து என் இயக்குநருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். காஸ் இல்லாத வருடத்தின் விறகு வரிசை பிழை. தெரிந்தே கையெழுத்திட்டேன். அதைத் திறந்து திருத்தவேண்டும், திருத்தியதை வெளியே சொல்லவும் வேண்டும். அரை மணியில் பதில் வந்தது. அது முடிந்துபோன வருடம் என்று ஒரு வரி. கொஞ்சம் கழித்து இன்னொன்று: வந்ததும் பேசுவோம். இரண்டாவது வரியைப் பிடித்துக்கொண்டேன்.

மாலையில் ஸ்டெல்லா வந்ததும், ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து படிவத்தைத் திருத்தினோம். ஓரத்தில் கோடு போட்டு ஐந்தாவது கட்டம். "குளிர்காய." எரிந்தது எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் தடுமாறினோம். காட்டு விறகு என்றால் இயற்கையிலிருந்து எடுத்தது. கழித்துப் போட்ட பழைய மரம் என்றால் கழிவு. இது இரண்டும் இல்லை. சில நாள் முன்புவரை மாடு நின்ற கொட்டகை. கடைசியில் அதையே எழுதினோம்: "மாட்டுக் கொட்டகை, நல்ல நிலையில் இருந்தது."

ராமாயி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வூட்ட அடிச்சிட்டிங்களா?" என்று கேட்டார். முதல் நாள் ஸ்டெல்லா என்னிடம் தனியாகச் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"இல்லையம்மா."

"கொட்டாய எரிச்சதுன்னு எழுதியிருக்கிங்களா?"

"ஓம்."

"எழுதுங்க," என்றார். "சும்மா எரிக்கல."

ஆறாம் நாள் காலை குழந்தையின் எடை குறையவில்லை. கூடவும் இல்லை. அதுவே நல்லது என்றார் நர்ஸ். எனக்குப் பகல் பஸ். விடைபெற வார்டுக்குப் போனபோது, தோளில் ஒரு பையோடு ஓர் இளைஞன் வாசலில் நின்றான். கால்சட்டையில் தோட்டத்துச் செம்மண். தகவல் கிடைத்து இரவெல்லாம் பஸ் மாறி மாறி வந்திருக்கிறான்.

"எம் மருமவன், கோவிந்தன்," என்றார் ராமாயி. என்னைக் காட்டி அவனிடம், "வெறவு நிறுக்க வந்தவங்க," என்றார். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டான்.

செல்வி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் அவனைக் கூப்பிட்டார். "அப்பாவா? வாங்க. கை, நெஞ்சு நல்லா கழுவிட்டு சட்டயக் கழட்டிட்டு உக்காருங்க. அவங்க கொஞ்சம் தூங்கட்டும்."

"நானா?"

"ஏன், உங்க ஒடம்புல சூடு இல்லியா?"

அவன் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். நர்ஸ் குழந்தையை எடுத்து அவன் மார்பில் குப்புற வைத்து, மேலே போர்வையைச் சுற்றினார். அவன் மூச்சு விடவே பயந்தவன்போல் இருந்தான்.

"எவ்ளோ நேரம் இப்டி வச்சிருக்கணும்ங்க?"

"முடிஞ்ச வரைக்கும்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஸ்டெல்லா என் கையைத் தொட்டார். கதவருகே போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பின்னால் சாயவும் மறந்து, நாற்காலியின் நுனியிலேயே, அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.